படையலில் வைத்த ஐந்தாம் பாகம்

மத்திகிரி வீட்டில் என் எதிர்க்கட்டிலில் படுத்திருந்த கள்ளி மஞ்சுவுக்கு,

ஒரு வருஷமாக உனக்காக அழுதேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன்மேல் கோபமாக இருக்கிறேன். போய்ச் சேர்ந்தவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு ஒரே அறையில் நாலு வருஷம் குடியிருந்ததில்லை.

உன் வருஷத் தெவசத்துக்குப் பாரூர் வந்திருந்தேன். ஏரி நிறைந்திருந்தது, வாய்க்காலெல்லாம் தண்ணீர். உனக்குப் பிடித்ததையெல்லாம் உன் அம்மா இலையில் வைத்தார்கள். கேசரி, கருவாட்டுக் குழம்பு, நீ பையில் ஒளித்து ஓசூருக்குக் கொண்டுவருவாயே அந்த எள்ளு முறுக்கு, கூடவே ஒரு மஞ்சள் புடவை. நானும் என் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நம் கேமின் ஐந்தாம் பாகம். நீ முதலில் ஆட ஆசைப்பட்டது, நான் ஆடவிடாதது.

"இதென்னாம்மா, சினிமாத் தட்டா?" என்று உன் பெரியம்மா கேட்டார்.

"கேம்ங்க பெரியம்மா. பெரிய கதை, மொத்தம் அஞ்சு பார்ட்டு. கதையில வர்றவங்களா நாமளே இருந்து, ஊர் ஊராப் போயி, சண்டை போட்டு, கூட வர்றவங்களைக் காப்பாத்தணும். இது கடைசியா வந்தது. ஆனா கதைப்படி இதுலதான் எல்லாம் ஆரம்பிக்குது."

"ஆரம்பம்னா அதைத்தானே மொதல்ல ஆடணும்?"

பார்த்தாயா? உன் வம்சமே இப்படித்தான். பெட்டியைத் திரும்ப எடுக்கப் போனேன். உன் அம்மாதான், "அவளுக்குப் புடிச்சதுன்னா இருந்துட்டுப் போவுது, வுடுக்கா" என்றார்கள்.

அப்போதுதான் கற்பூரத் தட்டோடு வந்தான் உன் தம்பி குமரேசன். பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது எதுக்கு தனாக்கா? அக்காதான் இதை எப்பவோ முடிச்சிடுச்சே."

"எதைடா?"

"அஞ்சாவதைத்தான். நீங்க ரெண்டு பேரும் ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, பொங்கல் லீவுக்கு வந்துச்சில்ல? என் கம்ப்யூட்டர்ல ஒம்பது நாள் உக்காந்து முடிச்சுது. மாடு வெரட்டுறதைப் பாக்கக்கூட எழுந்திரிக்கல. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுதான் பஸ் ஏறுச்சு."

உன் படத்துக்கு முன்னாலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மஞ்சு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அழுதேன், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பொங்கலுக்கு முன்னால் நாம் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். "கதை எங்க ஆரம்பிக்குதோ அங்கதான்டி ஆரம்பிக்கணும். புள்ளை பொறந்தப்புறமா பொண்ணு பார்க்கப் போவாங்க?" என்று நீ கேட்டாய். நம் ஒயர் கம்பெனியில் நான் தரம் பார்க்கிற செக்‌ஷன்காரி, விடுவேனா? லைனில் முதல் ஸ்டேஷன் வேலை முடியாமல் இரண்டாவது ஸ்டேஷனுக்கு ஒயர் போகாது, செய்தவர்கள் எந்த வரிசையில் செய்தார்களோ அந்த வரிசையில்தான் ஆட வேண்டும் என்றேன். புதியதை ஆடிவிட்டுப் பழையதைத் தொட்டால் நடையும் சண்டையும் மட்டமாகத் தெரியும், பாதியில் போட்டுவிடுவோம் என்றும் சொன்னேன். உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

லீவு முடிந்து வந்தவள், பையை இறக்கி வைத்ததும், "சரிடி, உன் வழிக்கே வரேன்" என்றாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உனக்கு டீ கூடப் போட்டுக் கொடுத்தேன்.

இருவருக்கும் ஒரே ஷிப்ட் வாய்த்ததில்லை. நான் காலை என்றால் நீ மதியம், அடுத்த வாரம் மாறும். ஆளுக்கொரு ஆட்டம் வேண்டாம், ஒரே ஆட்டத்தை இருவரும் மாற்றி மாற்றி ஆடுவோம் என்றது நீ. கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எழுதி ஒப்படைப்போமே, அதே மாதிரி டிவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்தாய். "முடிந்தது: உப்பளத்து ஊர். கையிருப்பு: மருந்துக் குப்பி நாலு. பாக்கி: கிணற்றுப் பூதம், நீயே அடி, எனக்குக் கை வலிக்குது. கவனிக்கவும்: மூட்டைக்காரரைத் தனியா விடாதே."

கடைசி வரி மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது.

அந்த மூட்டைக்காரரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஒரு கை இல்லாத கிழவர், சண்டை போடத் தெரியாது, நம் சாமான்களைச் சுமந்துகொண்டு பின்னால் வருவார். அடி வாங்கினால் நம் மருந்தில் பாதி அவருக்கே போய்விடும். முதல் பாகத்தின் பாலத்தடியில் முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டிப்போகிறாயா, விட்டுவிட்டுப் போகிறாயா என்று கேம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நீயும் பக்கத்தில் இருந்தாய்.

"விட்டுட்டுப் போயிடலாம்டி. இவரால ஒரு பிரயோஜனமும் இல்ல."

கன்ட்ரோலரை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாய். "அவரை விட்டா நான் இனிமே ஆடவே மாட்டேன்."

ஏன்டி என்று கேட்டதற்கு, "எங்கப்பா மாதிரியே இருக்காருடி, குள்ளமா, கூன் போட்டு" என்றாய். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவள் ஆயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். போன ஞாயிறு உன் படத்துக்குப் பக்கத்தில் உன் அப்பாவின் படத்தைப் பார்த்தேன். வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம்! பெற்ற அப்பாவையும் பொய்க்கு இழுத்திருக்கிறாயே.

அந்தக் கிழவர் யார் என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஐந்தாம் பாகத்தில் பார்த்திருக்கிறாய். தெரிந்துகொண்டே மூன்று பாகம் என்னோடு ஆடினாய், நான் வாய் பிளந்த இடத்திலெல்லாம் நீயும் பிளந்தாய். அன்றைக்குப் படையலிடத்தில் மூட்டைக்காரர் பேச்சு வந்ததும், "அதுல அவரு வந்து..." என்று குமரேசன் ஆரம்பித்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லாதேடா!" என்று கத்திவிட்டேன். உன் பெரியம்மா பயந்தே போனார்.

ஒருவருடைய ஆரம்பம் தெரிந்தால் அவரை விட்டுவிட்டுப் போக மனசு வராதோ? நம் லைனில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிற சூப்பர்வைசருக்கும் ஒரு ஆரம்பம் இருக்குமோ? உன் கதை இவ்வளவுதான் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால், உன்னோடு பேசாமல் அந்த இரண்டு நாளை வீணடித்திருப்பேனா?

ஆஸ்பத்திரியில் காய்ச்சலின் ஐந்தாம் நாள் நீ கேட்டாய், "நாலாவதை ஆரம்பிச்சியா?"

"நீ வீட்டுக்கு வா, சேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"எனக்காக லைன் நிக்குமா? ஆரம்பிடி."

எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. "வேணும்னா அடுத்து அஞ்சாவதையே ஆடலாம் மஞ்சு. உன் இஷ்டம்" என்றேன். நீ தலையணையில் தலையை ஆட்டினாய். "வேணாம். வரிசையாவே போ." இரண்டு நாளில் போய்விட்டாய்.

அந்த வார்த்தையைத்தான் ஒரு வருஷம் சுமந்தேன். ஆசைப்பட்ட ஒன்றை என் பிடிவாதத்துக்காகக் கைவிட்டு, கடைசிவரை அதைப் பார்க்காமலே போனாய் என்று நினைத்தேன். டிவிக்குத் துணி போர்த்திவிட்டேன். உன் ஸ்டேஷனில் இப்போது ஒடிசாப் பெண் ஒருத்தி நிற்கிறாள், கை வேகமான பெண். அவள் பெயர் எனக்குத் தெரியவே ஆறு மாதமாயிற்று, அந்தப் பக்கம் தலை திருப்பினால்தானே?

படையலில் வைத்த பெட்டியை உன் அம்மா என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். "அவ பார்த்துட்டாளாமே, நீ எடுத்துட்டுப் போ சாமி." ஐந்து நாளாக அது என் தலைமாட்டில் இருக்கிறது. நான்காவது அலமாரியில் இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் ஷிப்ட் முடிந்து வந்து இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவதைப் போட்டால் ஒரு வாரத்தில் உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்துவிடும். உன் மனசுக்குள் கொஞ்சம் நடந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?

ஆனால் இந்த வரிசை நான் உன்னிடம் சண்டை போட்டுப் பிடுங்கியது என்று நினைத்திருந்தேன். இல்லை, நீயாகக் கொடுத்தது. எனக்காக மூன்று பாகம் தெரியாதவள் மாதிரி நடித்தவளின் உழைப்பைப் பாதியில் நான் கலைக்கலாமா? அதனால் இன்று மதியம் டிவியின் துணியை எடுத்துவிட்டு நான்காவதைப் போட்டேன். பழைய ஆட்டத்திலிருந்து யாரையெல்லாம் கூட்டிவருகிறாய் என்று கேட்டது. முதல் ஆளாக மூட்டைக்காரரைச் சேர்த்தேன். அவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. நீ சொன்னாய், அது போதும்.

இதை முடித்ததும் ஐந்தாவதையும் ஆடுவேன், மஞ்சு. ஆட வேண்டாம் என்றும் ஒரு மனசு சொல்கிறது. அது முடிகிற அன்றைக்கு, நீ எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த கடைசி விஷயமும் தீர்ந்துவிடும். அப்புறம் உன்னிடமிருந்து எனக்குப் புதிதாக வருவதற்கு ஒன்றும் இருக்காது. அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தள்ளிப்போட மாட்டேன். எந்த இடத்தில் நீ அழுதாயோ அந்த இடத்தில் நானும் வந்து அழுவேன். இது சத்தியம்.

உன் தம்பிக்கு இப்போது இருக்கிற ஒரே அக்கா,
தனலட்சுமி