நஸீமைப் பேசிய கதை

ஜூலை 5, சனி

இன்று முதல் நான் சீதாவாக்கையின் அரசன். வயது பதினாறு. படை நாலாயிரம். யானை பன்னிரண்டு. வீடு, தோட்டத்தில் பத்தாம் நம்பர் லயத்து வரிசையில் மூன்றாவது காம்பரா, ஒரே அறை.

ஓப்பநாயக்கவில் நஸீமின் வாப்பாவுடைய போட்டோகொப்பிக் கடை, பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர். சனி, ஞாயிறு டியூஷன் விட்டதும் ரெண்டிலிருந்து நாலு வரை ஆட்டம். கோட்டை இராச்சியம் உடைந்த 1521-இல் தொடங்கி, யார் இலங்கையைச் சேர்த்துக் கட்டுவது என்பதுதான் போட்டி. நஸீமுக்குக் கோட்டை. கஜனுக்குக் கண்டி. கஜனின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. ஆக, யாழ்ப்பாணத்தான் மலையை ஆள்கிறான், மலையில் பிறந்த நான் அடிவாரத்தை.

சட்டம் ஒன்றுதான். தலைநகரை விட்டவன் நாற்காலியையும் விட வேண்டும். கஜனின் தங்கை தக்‌ஷிகா காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து அதற்காகவே காத்திருக்கிறாள். லயத்தில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. நாற்காலி போனால் எனக்கு ஆட்டமே இல்லை.

போன ஆட்டத்தில் ஒன்பது ஒப்பந்தம் செய்து ஒன்பதையும் முறித்தேன். எல்லாம் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான்.

ஜூலை 6, ஞாயிறு

நஸீம் அஸர் தொழப் போன நேரத்தில் அவன் தலைநகரின் பெயரை மாற்றினேன். 'கோட்டை' என்றிருந்தது 'கோட்டைவிட்டான்' ஆயிற்று. அதன் பிறகு திரையில் வந்த செய்தி: போர்த்துக்கேயத் தூதர் கோட்டைவிட்டானில் வந்திறங்கினார். கோட்டைவிட்டானில் மழை. கோட்டைவிட்டானில் கொள்ளைநோய்.

தக்‌ஷிகா சிரித்துச் சிரித்துக் காகிதக் கட்டிலிருந்து சரிந்தாள். நஸீம் சிரிக்கவில்லை. "ஒனக்கு எல்லாம் பகிடி" என்றான். வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் என்னைத் தடை செய்திருக்கிறான்.

இரத்தினபுரி மாவட்டத்தில் மாணிக்கத்துக்கு உள்ள மரியாதை அழகமுத்து என்ற எனக்கு இல்லை. சிங்களத்தில் சொல்வதுபோல் ஹரி, சரி, போகட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

கணக்குப் பாடத்தில் கணக்குப் போட்டது இது. உடைந்த இராச்சியத்தின் மூன்றாம் துண்டான ராய்கமவை ஆள்வது கம்ப்யூட்டர், படையும் சிறிது. 1525-க்குள் விழுங்க வேண்டும். தாமதித்தால் போர்த்துக்கேயர் அங்கே காலூன்றிவிடுவார்கள். தனியாகப் போனால் நான் தீர்ந்தேன். நஸீமின் ஆறாயிரம் கூட வந்தால் ஒரே வருஷத்து வேலை.

ஆட்டத்தில் கூட்டணிப் பொத்தானை அழுத்தினால் எல்லா அரசருக்கும் செய்தி போய்விடும். அதனால் முதலில் வாய்வழி ஏற்பாடு, போர் தொடங்கிய பிறகுதான் பொத்தான். ஆனால் நஸீம் போனில் என்னைத் தடை செய்து வைத்திருக்கிறானே, பள்ளிக்கூடமும் வேறு? கஜன்தான் தூது. அம்மாவின் போனிலிருந்து அனுப்பினேன்:

"மச்சான், எனக்காக நஸீமை நல்லா பேசிடு. சனிக்கிழமை ராய்கமவுல எறங்குறேன்."

ஜூலை 9, புதன்

கஜனின் பதில்: "நஸீமை நல்லாப் பேசிப்போட்டன். இனி அவன் வாய் திறவான். நீ யோசியாதை."

வாய் திறவான்! ரகசியம் காக்கவும் சொல்லி வைத்திருக்கிறான். கஜன் தூதுக்கென்றே பிறந்தவன்.

ஜூலை 12, சனி

மார்ச் 1524. ராய்கமமேல் போர். தலைநகரில் முந்நூறு பேரை வைத்துவிட்டு மொத்தப் படையையும் ஓட்டினேன். ராய்கமவுக்குத் துணையாகப் போர்த்துக்கேயர் வந்தார்கள், எதிர்பார்த்ததுதான். நஸீமுக்குக் கூட்டணி அழைப்பு அனுப்பினேன். மறுத்தான். நடிக்கிறான் என்று நினைத்துக் கண்ணடித்தேன். மறுபடி அனுப்பினேன். மறுத்தான்.

பிறகு அவன் ஆறாயிரமும் நகர்ந்தது. ராய்கம பக்கம் இல்லை. களனி ஆற்றோடு மேலே, சீதாவாக்கைக்கு.

"டேய், வழி மாறிப் போறடா!"

"வழி ஹரி" என்றான். ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

நாலு மணிக்கு நிறுத்தும்போது என் தலைநகரைச் சுற்றி அவன் கூடாரங்கள். நாளைக்கு விழும். ஏண்டா? பேசி வச்சாச்சுன்னுதானே எறங்கினேன்? முந்நூறு பேர வச்சிட்டு எவனாச்சும் போவானா? நான்தான் போனேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு "யாருகிட்டடா அடி வாங்கினே?" என்கிறார். நாலாயிரம் பேர் வாங்கியிருக்காங்கம்மா.

ஜூலை 13, ஞாயிறு

ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டேன். நஸீம் முகத்தைத் திருப்பாமல் சொன்னான்: "நீ செல்லித்தானே கஜன் எனக்கு ஏசின? போனெடுத்து அர மணித்தியாலம்."

"நான் எங்கடா ஏசச் சொன்னேன்? பேசத்தானே சொன்னேன்!"

"ஓம். பேசச் சொன்னாய், பேசினன்" என்றான் கஜன். "நல்லாப் பேசச் சொன்னாய், நல்லாப் பேசினன். அதிலை என்ன பிழை?"

காகிதக் கட்டிலிருந்து தக்‌ஷிகாதான் பேசினாள்: "அண்ணா, யாழ்ப்பாணத்திலை நாங்கள் பேசுறது எண்டால் ஏசுறது. தோட்டத்து ஆக்கள் பேசுறது எண்டால் கதைச்சு ஒழுங்குபடுத்துறது."

"ஆமாடா! கல்யாணத்துக்கு வேன் பேசுவோம், மேளம் பேசுவோம்..."

"வேனையும் பேசுவியளோ? அது பாவம், என்ன செய்தது?" என்றான் கஜன்.

நான்கூடச் சிரித்துவிட்டேன். நஸீம் மட்டும் சிரிக்கவில்லை. "இதும் ஒன்ட பகிடிதான்" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறேன், வாங்க ஆளில்லை.

தக்‌ஷிகா அண்ணனின் போனைப் பிடுங்கி என் செய்தியைக் காட்டினாள். நஸீம் இரண்டு தரம் வாசித்தான்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றே நாற்காலி அவளுடையது. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"தலைநகரத்த எடுக்கல்ல" என்றான் நஸீம் கடைசியில். "எனக்குக் கீழ ஈக்கிறியா? மொதல்ல அந்தப் பேர மாத்து."

மாற்றினேன். 'கோட்டைவிட்டான்' திரும்பவும் 'கோட்டை' ஆயிற்று. சீதாவாக்கை இனிக் கோட்டைக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசு. கலகம் செய்யும் பொத்தான் எனக்கு எப்போதும் உண்டு. பத்து வருஷம் கழித்து, 1534-இல், என்னை அப்படியே விழுங்கும் பொத்தான் அவனுக்கு வரும். அழுத்தினால் தலைநகரும் போகும், நாற்காலியும் போகும்.

ஜூலை 16, புதன்

கஜனிடமிருந்து: "1530இலை நான் மலையாலை இறங்குவன். நீ பின்னாலை இருந்து குத்து. கோட்டையை ரெண்டாப் பிரிப்பம்."

இதில் எந்தச் சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் இல்லை. பதில் அனுப்பவில்லை.

ஜூலை 19, சனி

1530. கஜன் இறங்கினான். கலகப் பொத்தான் மூலையில் சிவப்பாக நின்றது. அழுத்தினால் நஸீம் அரை மணி நேரத்தில் காலி, நான் எவனுக்கும் கீழே இல்லை. அவன் முகம் எப்படிப் போகும் என்றும் தெரியும்.

என் இரண்டாயிரம் பேரை நஸீமின் படையோடு சேர்த்தேன். கஜன் மலையேறிவிட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

1534, ஜூன் மாதம். நஸீமின் திரையில் அந்தப் பொத்தான் வந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. கஜன் நிமிர்ந்தான். தக்‌ஷிகா எழுந்தே நின்றுவிட்டாள். நான் என் யானைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு மிச்சம்.

நஸீம் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"கடையில ஆள் வந்தீக்கி போல. தங்கச்சி, என்ட எடத்துல இரி. அந்த பட்டன மட்டும் அமுக்க வாணா."

அவள் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் ராய்கமவைப் பிடித்தாள். என் படையைத்தான் முன்னால் அனுப்பினாள். போனேன்.

நாலு மணி வரை நஸீம் உள்ளே வரவில்லை. கிளம்பும்போது பார்த்தேன். கடையில் ஒருவரும் இல்லை. கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில், வெளியே பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"சனிக்கிழம நேரத்தோட வா" என்றான்.