பெயர் உரித்த மெத்தை

அக்கா, காலையில் ஜீப்பின் முன்பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. இருமல் மருந்துக் குப்பியில் நீங்கள் ஊற்றி வைத்தது இன்னும் கால்வாசி இருந்தது. மூடியில் சுற்றிய பழைய சேலைத் துணியும் அப்படியே இருந்தது. நீங்கள் கண்மூடி ஐந்து மாதம் ஆகிறது.

நாம் முதலில் சந்தித்தது பத்தமடைக்கு அருகே, பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவரின் வாசலில். எங்கள் அறக்கட்டளை ஜீப்பில் ஒரு சக்கர நாற்காலியோடு நான். பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் சார்பில், ஆட்டோவில் இன்னொரு நாற்காலியோடு நீங்கள். அவர் மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதுக்குத் தாயி ரெண்டு? ஒண்ணுல அவுக இருப்பாக. இன்னொண்ணுல நான் இருக்கவா?”

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் நாற்காலிதான் அந்த வீட்டில் நிற்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அடுத்த தெருவில் ஒருத்தி தவழ்ந்தே நடமாடுகிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நாற்காலியை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பி வந்து கேட்டீர்கள்: “ஏட்டி, நாம ரெண்டு பேரும் ஒரே நோட்டுல எழுதுனா என்ன?”

அப்படித்தான் சேர்ந்தோம். எங்களிடம் செவிலியும் ஜீப்பும் இருந்தன. உங்களிடம், எந்த வீட்டுக்குள் யார் படுக்கையில் கிடக்கிறார் என்று அறிந்த பெண்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆற்றின் இரு கரையிலும், நான் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களுக்கெல்லாம் போனோம்.

அதை நான்தான் கெடுக்கப் பார்த்தேன். படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தைகளைச் சேர்ந்து வாங்கியபோது, ஒட்டும் தாளில் யார் பெயர் மேலே என்று எங்கள் நிர்வாகக் குழு கேட்டது. எங்கள் பெயர்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். உங்கள் சங்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். பேச்சு முடிந்து தாள் அச்சாகி வரும்வரை மெத்தைகள் என் அறை மூலையில் கட்டோடு கிடந்தன. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு மணிமுத்தாறில் வந்து படுக்கையில் விழுந்துவிட்ட பேச்சியம்மாள் அவற்றில் ஒன்றுக்காகக் காத்திருந்தார்.

“பேச்சிக்கு முதுகு செவந்துட்டு வருதுட்டி” என்று இருமுறை போன் செய்தீர்கள். இன்னும் இரண்டே நாள், அக்கா என்றேன். இருமுறையும் அதையே சொன்னேன்.

நாம் போனபோது புண் வாய்திறந்திருந்தது. “வந்துட்டியளா தாயி, நல்லாருப்பிய” என்று அவர் கும்பிட்டார். நீங்கள் உடனே வெளியே போனீர்கள். பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கி, துணியை நனைத்து, மெத்தையிலிருந்த இரண்டு பெயரையும் சேர்த்தே தேய்த்து உரித்தீர்கள்.

“ஒட்டுத்தாளு முனைகூட புண்ணுல குத்தும். மெத்தையப் பைய பிடி.”

மிச்ச மண்ணெண்ணெயை இருமல் மருந்துக் குப்பியில் ஊற்றி ஜீப்பில் வைத்துக்கொண்டீர்கள். புண் ஆற மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு வாரமும் செவிலியோடு நீங்கள் போனீர்கள். நான் ஏதாவது சாக்குச் சொன்னேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பேச்சியம்மாள் இருக்கிறார். அவரிடமாவது கேட்க, வரும் வாரம் போகிறேன்.

இன்று புன்னக்காயல் மீனவப் பெண்கள் சங்கத் தலைவி வந்திருந்தார், நம்மோடு சேர்ந்து வேலை செய்ய. ஒப்பந்தத் தாளை விரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “யாரு பேரு மேடம் முதல்ல வரணும்?”

“அது கெடக்கட்டும். அங்கன படுத்திருக்கது யாரு?” என்றேன்.

அவர் தாளை ஓரமாகத் தள்ளினார். “ஒரு அண்ணன் வள்ளத்துல விழுந்து முதுகு முறிஞ்சி கெடக்காவ. பொரட்டிப் போடக்கூட ஆளில்ல.”

தாள் மேசையிலேயே இருக்கிறது. கையெழுத்து நாளைக்கு. இருப்பில் கடைசியாக இருந்த மெத்தை இப்போது ஜீப்பில் ஏறுகிறது. அதில் எங்கள் பெயர் மேலே இருந்தது, உங்கள் பெயர் கீழே. உங்கள் குப்பி மண்ணெண்ணெயால் இரண்டையும் உரித்துவிட்டேன், அக்கா. சோப்புப் போட்டும் விரலில் வாடை நிற்கிறது. அப்படியே கிளம்புகிறேன்.