வலக்கால் மிதித்தால் எந்தப் பக்கம்

இன்று காலை உன் தங்கை வந்து ஒரு கட்டையை என் மேசைமேல் வைத்தாள். "அடுப்புல வைக்கத்தான் எடுத்தேன் அண்ணே, மனசு வரல்ல. ஒங்க காலும் இதுல தேஞ்சிருக்குல்லா, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். இரண்டு முழப் பலாக்கட்டை, நடுவில் ஆணித் துளை, இரு நுனியிலும் பாதம் பட்ட வழவழப்பு. மேசைக்கு அடியில் போட்டேன். எழுத உட்கார்ந்ததும் கால்கள் தாமாக அதன்மேல் ஏறிக்கொண்டன. அப்போதிலிருந்து ஒரு வரி நிம்மதியாக எழுத முடியவில்லை.

நாகர்கோவில் குளச்சல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நீ, இராஜாக்கமங்கலத்தில் ஒரு கயிற்றுக் கொட்டகைக்குள் ஆகாய விமானம் கட்டினாய் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் என்னைப்போல் புளுகி எழுதிப் பிழைக்கிறவன் சொன்னால். உத்தரத்திலிருந்து ஒற்றைக் கயிற்றில் தொங்கிய பலகைப் பெட்டி. பிடிப்பதற்கு உடைந்த துடுப்பின் கம்பு. காலடியில் இந்தக் கட்டை. கட்டையை மிதித்தால் நுனிகளில் கட்டிய கயிறு பெட்டியைத் திருப்பும். "மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்ன தொட்டில் கெட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள் உன் சொந்தக்காரர்கள். நீ சிரித்துக்கொண்டே உள்ளே ஏறுவாய். சென்னையில் விமானம் ஓட்டப் பழக்கும் இடத்தில் ஒரு பெரியவர் உனக்காகச் சொல்லிவைத்திருந்தார். ஒரு வாரம் பார்ப்பார்களாம். கையும் காலும் ஒத்துவந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் திரும்ப பஸ்தான்.

உனக்கு ஒரே ஒரு சந்தேகம். வலக்கால் மிதித்தால் விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும்? உன் இங்கிலீஷ் புத்தகத்தில் அந்தத் தாளைக் கறையான் தின்றிருந்தது. உன் அப்பாவின் வள்ளத்தில் சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் போகும். "அப்பனைக் கேட்டா இடதும்பாரு. பஸ்ஸைக் கேட்டா வலதுங்குது. விமானத்தை எங்கபோய்க் கேக்க?" என்பாய். இப்போதைக்கு வலதென்றே கயிற்றைக் கட்டியிருந்தாய்.

அந்தக் கோடையில் வற்றிக்கிடந்த குளத்தில் விமானமே வந்து இறங்கியது. வெள்ளைக்காரர் ஒருவர் பிரமுகர்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினார். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. உனக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம். பறந்த முதல் நாஞ்சில் நாட்டு எழுத்தாளன் என்று போட்டுக்கொள்ளும் ஆசை என்னை விடவில்லை. நீ கேட்கவும் இல்லை. காற்றில் பறக்காதபடி என் வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டுக்கொண்டே சொன்னாய்:

"மக்கா, நீ இருக்கப்போற முன் சீட்டுலயும் ஒரு கால்கட்டை உண்டு. அவரு மிதிச்சா அதுவும் அசையும், கேட்டியா. நீ ஒண்ணும் செய்யண்டாம். வலது நுனி முன்னால போகும்போ மூக்கு எங்க திரும்புதுன்னு மட்டும் பாரு."

"இவ்வளவுதானாடே?" என்றேன்.

சக்கரம் தரையை விட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். மனப்பாடமான பைபிள் சங்கீதத்தில் இரண்டாம் வரிக்குமேல் வரவில்லை; அதையே இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே மாலையோடு ஒரு கூட்டம். அதை இடித்துக்கொண்டு நீ வந்தாய். "எந்தப் பக்கம்?"

அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வேன்? "இடப்பக்கம்டே. ஒங்கப்பன் வள்ளம் மாதிரியேதான்."

அப்பா சொன்னது பலித்துவிட்டதில் உனக்கு அத்தனை சந்தோஷம். அன்று சாயங்காலமே கயிறுகளை மாற்றிக் கட்டினாய். எட்டு மாதம் அந்தப் பெட்டியில் பழகினாய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னையும் ஏற்றிப் பழக்கினாய். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட நினைத்தேன். இரண்டில் ஒன்று, நான் சொன்னதே சரியாகவும் இருக்கலாமே என்று ஒத்திப்போட்டேன்.

சென்னைக்குப் போன உன்னை நாலாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீ வீட்டுக்குக்கூடப் போகாமல் கொட்டகைக்கு வந்து, கயிறுகளைப் பழையபடி கட்டி, பெட்டியில் ஏறி உட்கார்ந்தாய். நான் வாசலில் நின்றேன்.

"தலைக்குத் தெரியுது மக்கா. காலுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாய். பிறகு என்னைப் பார்க்காமலே, "மேல போனப்பம் கண்ணைத் தொறந்தியா?"

"ஒரு கண்ணை" என்றேன்.

நீ சிரித்துவிட்டாய். திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகும் உன் பஸ்ஸில் எனக்காக முன் இருக்கையைப் பிடித்து வைத்தாய். இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சல் நாலே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. நாலு நாளும் உன் கட்டிலருகே உட்கார்ந்து வேடிக்கைக் கதைகளாகச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு கண்ணும் மூடியிருந்ததுடே.

வலக்கால் மிதித்தால் வலப்பக்கம். இப்போது எனக்கும் தெரியும். ஆனால் நீ எட்டு மாதம் பழக்கியது என் காலையும்தானே. இதோ மேசைக்கடியில் வலக்கால் அழுந்துகிறது. நாற்காலியில் என் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது.