நம் பெட்டியில் இரண்டே ஓட்டு

அன்புள்ள அறைத்தோழனுக்கு,

நீ சொல்லாமல் கொள்ளாமல் அறையைக் காலி செய்து பத்து நாளாகிறது. சோப்பு டப்பாவைக்கூட மறக்காமல் எடுத்திருக்கிறாய். முன்பே திட்டம் போட்டுவிட்டாயோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

மாணவர் சங்கத் தலைவர் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றேன். மற்றவர்கள் களப்பணிக்குப் போயிருந்ததால் நம் துறைப் பெட்டியில் விழுந்ததே இரண்டு ஓட்டு, உன்னுடையதும் என்னுடையதும். ஒன்று எனக்கு, ஒன்று என்னை எதிர்த்து நின்றவனுக்கு. "கூட இருந்தே குழி பறிச்சுட்டான்டா" என்று பையன்கள் உன்னைக் கைகாட்டினார்கள். நீ என் முகத்தையே பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்? நானே வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாயா? இதற்குள் யாரிடமாவது சொல்லிவிட்டாயா? கேண்டீனில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் என்று படுகிறது.

தேர்தலுக்கு முந்தின நாள் அவன் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டான். "நமக்கு நாமே ஓட்டுப் போட்டுக்கிறது அசிங்கம்டா. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன்" என்று கை கொடுத்தான். என்ன பெரிய மனசு என்று மயங்கிவிட்டேன்.

இன்றுதான் நோட்டீஸ் போர்டில் அவன் துறைப் பெட்டியின் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஓட்டுப் போட்டவர்கள் அவனையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டும் அவனுக்கே.

நாளை மதியம் கேண்டீனில் எல்லோர் முன்னாலும் நானே சொல்லப்போகிறேன். நம் பெட்டியில் எனக்கு ஓட்டுப் போட்ட அந்த ஒருவனும் அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எதிர்க்கட்டில்காரன்