பெண்டாட்டிதாசன்

அன்பு மகள் நுர்ஸாத்துக்கு,

அல்லாஹ் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த மாஸ்கோ குளிரில் சுகமாக இருக்க வேண்டும். ஆடுகளுக்குப் புல் இருக்கிறது, உன் அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான். ஆனால் வீடு நன்றாக இல்லை கண்ணு, உன் அண்ணன் குபாத் அண்ணி மீரிமை அழைத்துக்கொண்டு ஓஷ் நகரத்துக்கே போய்விட்டான்.

அவள் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தது உனக்குத் தெரியும். அவளை முற்றத்து வெயிலில் தூக்கி உட்கார வைப்பது, தலை பின்னுவது, துணி துவைத்துக் காயப்போடுவது எல்லாம் அவன்தான், போகிறவர்கள் வேலிக்கு மேலாகப் பார்த்தார்கள். குதிரைப் போட்டிக்குக் கூப்பிட்டபோது ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றுவிட்டான், நம் ஊர் தோற்றது, அன்றிலிருந்து பெண்டாட்டிதாசன் என்றே பேர். நம் தெரு டோக்டோசுன் தன் குதிரையைக் கொண்டுவந்து இதன் வாலையும் பின்னிக் கொடுடா என்றான். குபாத் சிரித்துக்கொண்டே பின்னிக் கொடுத்தான், பாவி, அழகாகவும் பின்னினான். மனைவி பேச்சைக் கேட்டுப் பெற்ற தாயைத் தனியே விட்டவன் அந்த டோக்டோசுன், அந்தப் பேர் அவனுக்கல்லவா பொருந்தும், அவனை ஒருத்தரும் சொல்லவில்லை.

உன் அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. உன் சித்தப்பா வீட்டு விருந்தில், அவள் உன் தலைமேல் ஏறிவிட்டாள், அவளை அவள் தாய்வீட்டில் கொண்டுபோய் விடு, இல்லாவிட்டால் என்னை அப்பா என்று கூப்பிடாதே என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அது மீரிம் காதுக்கும் வந்தது, ரொட்டியைத் தொடாமல் கிடந்தாள், என்னைக் கொண்டுபோய் விட்டுவிடு என்று அவனிடம் அழுதாள். குபாத் அப்பா முன்னால் வந்து நின்று, “அவ என் தலைமேல ஏறல அப்பா, நான்தான் அவளைத் தூக்குறேன்” என்றான். மறுநாள் கிளம்பிவிட்டார்கள், ஆஸ்பத்திரி பக்கத்தில் ஓர் அறையாம்.

நேற்று உன் அப்பா முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பு தேய்த்துக்கொண்டே கேட்டேன், “கல்யாணம் ஆனதுலேருந்து உங்க காலைப் பிடிச்சுவிடுறேனே, எனக்கு ஊர் என்ன பேர் வெச்சிருக்கு?” காலை இழுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நான் ஓஷுக்குப் போகிறேன் என்றேன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். திரும்பி வந்தால் என்ன முகத்தோடு இருப்பாரோ.

நீ நிறைந்து வாழ வேண்டும், உன் மடியில் சீக்கிரம் ஒரு பிள்ளை தவழ வேண்டும். அண்ணனுக்குப் போன் செய். போன தடவை நீயும் விளையாட்டாக அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாயாமே, மீரிம் பக்கத்தில்தான் படுத்திருந்தாளாம்.

உன் நெற்றியில் முத்தமிடும்
அம்மா ஜூரா