'பிகாஸ்' எந்தப் பக்கம்?

அன்புள்ள எஸ்தர்,

இது என் கையெழுத்துதான். நம்பு. தமிழ் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இப்போது இங்கிலீஷில் இறங்கியிருக்கிறேன். பெருங்களத்தூரில் நம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் சாயங்கால வகுப்பு.

போன வாரம் காரணம் சொல்லும் பாடம். 'பிகாஸ்' என்றால் ஏனென்றால், 'ஸோ' என்றால் அதனால். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார் செல்வி டீச்சர். "என் மனைவி இறந்ததால் நான் படிக்கிறேன்" என்று மனதுக்குள் கட்டினேன். நம் பேச்சில் காரணம் சொல்லும் 'ஆல்' நடுவில்தானே வருகிறது? கொத்தனார் புத்தி, அதே இடத்தில் 'பிகாஸ்' வைத்துப் பூசிவிட்டேன். எழுந்து நின்று படித்தேன்: "மை வைஃப் டைடு பிகாஸ் ஐ ஆம் ஸ்டடியிங்."

என் பக்கத்தில் உட்காரும் பூக்கார அஞ்சலைக்குப் பாடம் சீக்கிரம் பிடிபடும். "இன்னா தாத்தா, நீ படிக்கிறதாலதான் ஆயா பூட்ச்சா? பாடம் அவ்ளோ பேஜாராவா கீது?" என்றாள். ஹாலே சிரித்தது. நானும்தான்.

"பிகாஸுக்குப் பின்னாடிதான் காரணம் வரணும் ஐயா. இல்லன்னா அங்க 'ஸோ' போடுங்க" என்றார் டீச்சர்.

'ஸோ' போட்டேன். சரி என்று குறி விழுந்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை, எஸ்தர். பஸ் பலகை முதல் மாத்திரை அட்டை வரை நீதான் படித்துச் சொல்வாய். நீ போனபின் தவித்துத்தான் வகுப்புக்கு வந்தேன். அதற்காக, ஓர் எழுத்து பிடிபட்டால் எனக்கு வரும் இந்தச் சந்தோஷம் உன் சாவில் விளைந்ததா?

டீச்சரையே கேட்டேன். "எது காரணம்னு கிராமர்ல இல்ல ஐயா. அத நீங்கதான் சொல்லணும்" என்றார்.

யோசித்தேன். நீ செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பாய். உன் விரல் வரியின் மேல் ஊர்ந்து போகும். அதையே பார்ப்பேன். "என்னத்த அப்படிப் பாக்குறீங்க?" என்பாய். ஆசை அங்கேதான் பிறந்தது, இல்லையா?

மறுநாள் புதிதாக எழுதிப் படித்தேன்: "ஐ ஆம் ஸ்டடியிங் பிகாஸ் மை வைஃப் ரெட் டு மீ." என் மனைவி எனக்கு வாசித்துக் காட்டியதால் படிக்கிறேன். டீச்சர் எதையும் திருத்தவில்லை. அஞ்சலை மட்டும், "ஆயாவ காப்பாத்திட்டயே தாத்தா" என்றாள்.

வரும் ஞாயிறு பேப்பரோடு கல்லறைக்கு வருகிறேன். பெரிய எழுத்தெல்லாம் நானே வாசித்துக் காட்டுவேன். சின்ன எழுத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

நீ வாசிக்கக் கேட்டே கிழவனான
உன் வீட்டுக்காரன்,
தேவசகாயம்