கடலில்லாத ஊரில் ஒரு பீரங்கி

2025 ஜூலை 2, புதன்
பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். நத்தம் சாலையில் மச்சினன் ஸ்டான்லியின் பழைய இரும்புக் கடையில் ஒரு பீரங்கிக் குழல் கிடக்கிறது. பதினைந்தடி. போர்க்காலத்தில் ஜப்பான்காரன் கப்பல் வருமென்று கிழக்குக் கரையில் மேடை கட்டி வைத்தது. கப்பல் வரவில்லை, கடல் வந்தது. மேடை மணலில் சரிந்துவிட்டது. இரும்பு மட்டும் லாரியேறி இங்கே வந்திருக்கிறது. எண்பது வருட உப்புக்காற்றுக்குத் தப்பியது ஸ்டான்லிக்குத் தப்புமா?

ஜூலை 3
“அடுத்த வாரம் அறுக்கப்போறேன்” என்றான். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் சொல்கிறேன், வேண்டாம் என்றேன்.
“உங்ககிட்டப் படிச்சதாலதான் அத்தான் இரும்புக்கடை வச்சிருக்கேன்.”
ஒரு தடவைகூடச் சுடாத பீரங்கியாம், எதற்கு வைத்திருக்க வேண்டுமாம். இவனும் ஆறு வருடம் என் வீட்டில் சும்மாதான் இருந்தான். யாரும் அறுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்
கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள். வரிசையில் இரண்டரை மணி நேரம். முன்னால் நின்றவர் என் மனுவை எட்டிப் பார்த்து, “பழைய குழாய்னு எழுதுனா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான் சார். அழுத்தி எழுதுங்க” என்றார். கிழித்துப்போட்டு அழுத்தி எழுதினேன்: ‘குடியிருப்புப் பகுதியில் ராணுவப் பீரங்கி. உடனடி நடவடிக்கை தேவை.’ நல்ல நடை.

ஜூலை 8
“என் தம்பி மேலயே மனுவா?” ஜெபமாலை இதைக் கேட்டுவிட்டுச் சோற்றை வைத்தாள். குழம்பு வரவில்லை.

ஜூலை 11
திண்டுக்கல்லில் கடல் இல்லாத நிலையில் கடலோரப் பீரங்கி எவ்வாறு வந்தது என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். லாரியில் என்றேன்.

ஜூலை 16
வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். தெருவைக் காலி செய்து, மணல் மூட்டை அடுக்கி, குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். எலிக் குடும்பம் ஒன்று வெளியேறியது. இருந்தாலும் ஆயுதம் ஆயுதம்தானாம். உடனே துண்டாக்க உத்தரவு.
ஓடிப்போய் ஸ்டான்லியின் கையைப் பிடித்தேன் — பிடித்தேனா? சட்டைதான் கிடைத்தது.
“அறுக்க வேணாம்னு நேத்துத்தான் முடிவு பண்ணேன் அத்தான். ஊரே வந்து போட்டோ எடுக்குது, கடை வாசல்லயே நிறுத்திரலாம்னு இருந்தேன். இப்ப சர்க்கார் சொல்லுது. நீங்க கேட்டதுதான?”
கேஸ் கட்டரைப் பற்றவைத்தான். மூன்று துண்டு.

ஜூலை 17
எழுத ஒண்ணுமில்ல.

ஜூலை 29, செவ்வாய்
அலுவலகப் பெண் ஒருவர் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். ‘கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. மனுதாரர் திருப்தி அடைந்தார்.’ கீழே என் பெயர்.
“நீங்க போடலன்னா எனக்குப் பெண்டிங்ல நிக்கும் சார்.”
இணைத்திருந்த மனுவை இரண்டு முறை வாசித்தேன். கேட்டது அத்தனையும் நடந்திருக்கிறது. காப்பாற்றச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.